தீக்காய வார்டு நர்ஸுக்கு ஒரு பதவி வேண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என்னைப் போல ஓய்வு பெற்ற நர்ஸுகளுக்கும் வேலை வந்துவிடுகிறது. "சிஸ்டர், பிள்ளையை நர்சிங்ல சேர்க்கலாமா? அதுல எதிர்காலம் இருக்கா?" என்று ஊர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசுக் கம்பெனியிலோ வேலை பார்க்கும் அம்மாக்கள். தன் கையில் ஒட்டிய மருந்து மகள் கையில் ஒட்டக்கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. (எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்றால் முதலில் வெடிமருந்துதான். ஆஸ்பத்திரி மருந்து இரண்டாவது அர்த்தம்.)

என் பதில் எப்போதும் "சேருங்கள்" என்பதுதான். அதோடு சொல்ல வேண்டிய சில விஷயங்கள் போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. நர்ஸ் என்று சட்டப்படி பதிவு செய்துகொள்ள மூன்று வழிதான் உண்டு. 2 வருஷ ஏ.என்.எம்., 3 வருஷ ஜி.என்.எம். டிப்ளமோ, 4 வருஷ பி.எஸ்சி. நர்சிங். எதைப் படித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பெயர் பதிவாக வேண்டும். 1926-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்த அமைப்பு அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் "ஆறே மாதத்தில் நர்சிங்", "ஒரு வருஷத்தில் நர்சிங்" என்று போர்டு வைத்திருப்பார்கள். அந்தச் சான்றிதழ் இந்தப் பதிவுக்கு ஆகாது. பதிவு இல்லையென்றால் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது, சம்பளம் கேட்கும்போது பேச வாயும் இருக்காது. சேர்க்கும் முன்னால் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஒரு நாள் செலவழித்து விசாரித்துவிடுங்கள். பிறகு நாலு வருஷம் அழ வேண்டாம்.

ஜி.என்.எம். முடித்தவர்கள் இன்னும் 2 வருஷம் படித்துப் பட்டதாரி ஆகலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. இருக்கிறது. ஏணிக்குக் குறைவில்லை. என் கேள்வி வேறு. அந்த ஏணி எங்கே கொண்டுபோய் விடுகிறது?

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தால் அடுத்தது நர்சிங் கண்காணிப்பாளர். அதிலேயே நிலை நிலையாக மேலே போகலாம். எம்.எஸ்சி. இருந்தால் போதகர் ஆகலாம். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தவர் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று உயரலாம். எல்லாம் மரியாதையான பதவிகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் நோயாளியின் கட்டிலை விட்டு ஓர் அடி தள்ளிப் போகிறோம். கண்காணிப்பாளர் ஆனதும் டூட்டி லிஸ்ட், இருப்புப் பதிவேடு, இன்டெண்ட் என்று மேஜை வந்துவிடுகிறது. போதகர் ஆனால் கரும்பலகை. நோயாளி பக்கத்திலேயே இருந்து அந்த வேலையில் கெட்டிக்காரி ஆனவளுக்கு என்ன பதவி? ஒன்றும் இல்லை. வருஷாந்திர இன்கிரிமென்ட் மட்டும்தான்.

வேறு எந்த ஊரையும் விட எங்கள் ஊரில் இது ஏன் பெரிய குறை என்று சொல்கிறேன்.

எனது 33 வருஷ வேலையில் எட்டு வருஷம் தீக்காய வார்டில் கழிந்தது. தீக்காயம் மற்ற காயம் போல இல்லை. உடம்பில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பெரியவர்களுக்கு 'ஒன்பதின் விதி' என்பார்கள். தலையும் கழுத்தும் 9, ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, நெஞ்சும் வயிறும் 18, முதுகுப் பக்கம் 18, மீதி 1. இந்தக் கணக்கிலிருந்துதான் எவ்வளவு டிரிப் ஏற்ற வேண்டும் என்பது வரும். 'பார்க்லாண்ட்' சூத்திரப்படி 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 சதவீதம் காயம் என்றால், 4 x 50 x 40. அதாவது 8,000 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பிடித்த நேரத்திலிருந்து. வழியில் இரண்டு மணி நேரம் போய்விட்டால் மீதி ஆறு மணி நேரத்தில் 4 லிட்டர்.

எழுதிக் கொடுப்பது டாக்டர். ஏற்றுவதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் நர்ஸ். மணிக்கு மணி சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளந்து, குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுவது நர்ஸ். மூக்கு முடி கருகியிருக்கிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்த்து "இவருக்கு மூச்சுக்குழாய் வீங்கப் போகிறது" என்று முன்கூட்டியே சொல்வதும் பெரும்பாலும் அவள்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மூச்சுக்குத் திணறுவார். பார்த்துப் பழகிய கண் இருந்தால்தான் அது முன்னாலேயே பிடிபடும்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் டிரெஸ்ஸிங். விரல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே சுற்ற வேண்டும். சேர்த்துச் சுற்றினால் ஆறும்போது விரல்கள் ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் காயம் என்றால் தலையணை வைக்கக்கூடாது. வைத்தால் தாடை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் பாவப்பட்டுத் தலையணையைக் கொண்டுவந்து வைப்பார்கள், நாங்கள் எடுப்போம். திட்டு வாங்குவோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மூத்த சிஸ்டர் ஒரு வரியில் சொன்னார்: "இன்னைக்குத் தலையணை குடுத்தா, நாளைக்குத் தலையை நிமிர்த்த முடியாது."

திரி வைக்கிற, பேப்பர் ஒட்டுகிற, கட்டுக் கட்டுகிற கைகள் இவை. விரல் மடங்கிப் போனால் உயிர் பிழைத்தும் பிழைப்பு போய்விடும். வீட்டுக்குப் போன பிறகு ஒருவர் சம்பாதிப்பாரா, சும்மா உட்கார்ந்திருப்பாரா என்பது அந்த டிரெஸ்ஸிங் மேஜையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

2012 செப்டம்பர் 5 எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் 40 பேருக்கு நெருக்கம். வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போன ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இவை பத்திரிகையில் பெரிதாக வந்தவை. ஒருவர், இருவர் என்று வந்து சேர்ந்தவர்களை வார்டுப் பதிவேடு மட்டும்தான் அறியும்.

இன்று வசதி இல்லாமல் இல்லை. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. கட்டிடமும் கட்டிலும் வந்தன. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவளின் அனுபவத்துக்குப் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் தீக்காயம் மற்றும் சீரமைப்பு அறுவை சிகிச்சை நர்சிங் என்று ஒரு வருஷ மேற்படிப்பு இருக்கிறது. நர்ஸாகப் பதிவு செய்தவர்கள் படிக்கலாம். நாட்டிலேயே அதிகமாகப் பட்டாசு செய்கிற மாவட்டத்தில்தான் அந்தப் படிப்பு முதலில் வேர்பிடித்திருக்க வேண்டும். எங்கள் பெண்களிடம் கேட்டால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "படிச்சு என்ன செய்ய, அதுக்குன்னு போஸ்ட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இதைவிடக் கொடுமை இடமாற்றம். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், தீக்காயப் பிரிவில் ஆறு வருஷம் பழகிய ஒரு நர்ஸைக் கண் வார்டுக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் அதுவரை தீக்காயமே பார்த்திராதவர். இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. ஏட்டில் இருவரும் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற ஒரே சொல். ஒரே சொல்லாக இருந்தால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கலாம் என்றுதான் நிர்வாகம் நினைக்கும்.

வேலை நிரந்தரமில்லை என்ற பிரச்னையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் ஜெயித்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகள் வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பினார்கள். நடக்கவில்லை என்று 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ஊதியம் கூடியது, காலியிடம் வர வர நிரந்தரமும் கிடைத்தது. கொரோனா நேரத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாதவளிடம் போய் ஒரு துறையில் ஆழமாகப் படி என்று எப்படிச் சொல்வது?

தனியார் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்குச் சமம். சிறிய ஊர்களில் எத்தனை நர்ஸுகள் இதை வாங்குகிறார்கள் என்று உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள்.

அதனால் கெட்டிக்காரப் பெண்கள் வெளிநாடு போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் தெருமுனை ஏஜென்ட்டிடம் பணத்தைக் கொடுக்காமல், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஆனால் இங்கிலாந்து போன பெண்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஓர் ஏக்கம் வருகிறது. அங்கே 'கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று ஒரு பதவி. நோயாளியை விட்டு விலகாமல், ஒரு துறையில் தேர்ந்தவள் என்பதற்காகவே மேல்நிலைச் சம்பளம். இங்கே அதே திறமைக்கு ஒரு பேட்ஜ்கூட இல்லை.

நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, அந்த ஒரு வருஷ தீக்காய நர்சிங் படிப்பை விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்க வேண்டும். பணியில் இருப்பவர்களைச் சம்பளத்தோடு அனுப்ப வேண்டும்.

இரண்டு, தீக்காயப் பிரிவுகளில் 'தீக்காய சிறப்பு நர்ஸ்' என்ற நிரந்தரப் பதவி. படித்தவர்களும், படிக்காவிட்டாலும் பல வருஷம் அங்கேயே பழகித் தேர்வு எழுதி ஜெயிப்பவர்களும் அதற்கு வரலாம்.

மூன்று, அவர்களை வேறு வார்டுக்கு மாற்றக்கூடாது. மாற வேண்டுமென்றால் இன்னொரு தீக்காயப் பிரிவுக்கு.

நாலு, பட்டாசு ஆலைகளுக்கு நர்ஸ். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கேட்டது. 500 பேருக்கு மேல் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் அறை, நர்ஸ் எல்லாம். சின்ன ஆலைகளுக்குப் பெட்டி மட்டும்தான் மிச்சம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து ஆலைகள் சேர்ந்து ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளலாமே. தீக்காயத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஊற்று, இங்க் ஊற்றாதே, பேஸ்ட் தடவாதே என்று தொழிலாளிகளுக்குப் பழக்குவதற்கே அந்தச் சம்பளம் தகும்.

"விபத்தைத் தடுப்பதை விட்டுவிட்டு நர்ஸுக்குப் பதவி கேட்கிறீர்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். தடுப்பதுதான் முதல் வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் தடுப்பைப் பற்றி எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம், வார்டு காலியாகவில்லை. அது காலியாகிற நாள் வரைக்கும் உள்ளே படுத்திருப்பவரைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். "பயிற்சி கொடுத்தால் அவளும் வெளிநாடு போய்விடுவாள்" என்று இன்னொருவர் சொன்னார். பயிற்சி கொடுக்காமலேதான் போகிறார்களே! இருப்பதற்கு ஒரு காரணம் கொடுத்துப் பார்ப்போம்.

சேரப்போகும் பிள்ளைகளுக்கு: தாயி, முதல் இரண்டு வருஷம் எந்த வார்டு கிடைத்தாலும் நன்றாக வேலை பழகு. பிறகு உனக்கென்று ஒரு துறையைப் பிடி. பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. பயிற்சி வகுப்பு எது வந்தாலும் போய்ச் சான்றிதழ் வாங்கி வை. பதவி இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். ஒருநாள் அரசு அதை உண்டாக்கி, "யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும்போது, கையில் காகிதத்தோடு எழுந்து நிற்க எங்கள் மாவட்டத்தில் நூறு பெண்களாவது இருக்க வேண்டும்.