எவருடைய அறை?

மூலகங்களில் திரவமாயிருப்பவை எத்தனை என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், "இரண்டு, பாதரசமும் புரோமினும்" என்று தட்டாமல் பதில் வரும். பதில் சரியானதே. ஆயினும் 'அறை உஷ்ணநிலையில்' என்ற சிறு நிபந்தனை அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அறை எவருடையது என்று கேட்பாருமில்லை, சொல்லுவாருமில்லை.

சாஸ்திரிகள் கணக்குக்காக 25 டிகிரி சென்டிகிரேடை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; சிலர் 20 என்பர். குளிர் நாட்டு ஆராய்ச்சிச் சாலைக்கு அது தக்கதே. வில்லியனூரிலும் பாகூரிலுமோ, சித்திரை வைகாசி நடுப்பகலில் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அங்கே ஓட்டு வீட்டுக் கூடத்தில் திரவ மூலகங்கள் இரண்டல்ல, நான்கு. ஸீஸியம் 28.5 டிகிரியிலும், காலியம் 29.8 டிகிரியிலும் உருகிவிடும்.

இதில் மலைக்க ஒன்றுமில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? (எண்ணெய் மூலகமன்று, பல கொழுப்புகளின் கலவை. ஆகவே அது சிறுகச் சிறுக இளகும். மூலகத்துக்கு உருகும் டிகிரி ஒன்றே.)

காலியத்தின் கதை ருசிகரமானது. ருஷ்ய மேதை மெண்டலீவ் தமது அட்டவணையில் அலுமினியத்தின் கீழ் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே வரவேண்டிய உலோகத்தின் குணங்களை 1871-ல் முன்கூட்டியே எழுதிவைத்தார். 1875-ல் பிரெஞ்சு ரஸாயனி லெகாக் த புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்து, தம் தேசத்தின் பழைய லத்தீன் பெயரான 'காலியா'வை அதற்குச் சூட்டினார். காலி இடத்துக்கு வந்ததால் காலியம் என்று நம் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை! அந்நாளில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்தன. 1954-ல் அவ்வாட்சி நம் மண்ணை விட்டு அகன்றது. அத்தேசத்தின் பெயர் தாங்கிய உலோகம் மட்டும் இன்றும் நம் வெயிலுக்கு ஈடுகொடுக்கமாட்டாமல் இளகிப் போகிறது.

ஒரே குலத்தில் பிறந்தவை யாவும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முதற் குலத்தில் லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும், ஸோடியத்துக்கு 98, பொட்டாஸியத்துக்கு 63, ஸீஸியத்துக்கு மேலே சொன்ன 28.5. கீழே செல்லச் செல்ல அணு பருக்கிறது. அணுக்களை இணைத்துப் பிடிக்கும் வெளிப்புற எலெக்ட்ரான் தூரமாகி, பிடி தளர்கிறது. பதினேழாம் குலத்திலோ நடைமுறை தலைகீழ். புளோரினும் குளோரினும் வாயு. அடுத்த புரோமின் திரவம். அதன் கீழுள்ள அயோடின் திடம். அங்கே அணுக்கள் ஜோடி ஜோடியாகத் திரிகின்றன. எலெக்ட்ரான்கள் பெருகப் பெருக, ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையிலுள்ள பற்று வலுக்கிறது.

பரீட்சையில் 'நான்கு' என்றெழுதும் பாகூர்ப் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். தன் ஊர் வெயிலை அறிந்து எழுதியவனைத் தண்டிப்பது நியாயமாகாது. கேள்வித்தாள் தயாரிப்போர் 'அறை' என்னாமல் டிகிரியையே குறிப்பிட்டுக் கேட்கட்டும். காலியத் துணுக்கு ஒன்றைப் பள்ளிகள் வாங்கிவைத்தால், உள்ளங்கைச் சூட்டிலேயே அது உருகுவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம். ஸீஸியத்திடம் அந்த உரிமை கொண்டாடலாகாது. காற்றுப் பட்டாலே தீப்பற்றும், தண்ணீரில் வெடிக்கும்.

ரூபிடியம் 39.3 டிகிரியில் உருகும். அக்கினி நட்சத்திரத்தில் உஷ்ணமானி நாற்பதைத் தொடும் நாளில், நொடிப்பொழுதில் சிதையும் கதிரியக்க மூலகங்களை விட்டுவிட்டாலும், கணக்கு ஐந்தாகிவிடும்.