சொந்த சர்வரா, வாடகை சர்வரா?

கல்யாண வீட்டுக்காரர் 100 நாற்காலிகளை விலைக்கு வாங்குவதில்லை. ஒரு நாள் தேவை; வாடகைக்கு எடுக்கிறார். ஓட்டல்காரர் தினமும் வாடகை கொடுத்தால் கடை என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் தொழிலிலும் இதே கணக்குதான். கம்பெனியின் தகவல்களைக் காத்து, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். "ரேக்" என்ற இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள்.

அமெரிக்காவில் "37சிக்னல்ஸ்" என்று ஒரு கம்பெனி. 2022-ல் அது கொடுத்த சர்வர் வாடகை சுமார் 32 லட்சம் டாலர்! முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். 2023-ல் சுமார் 7 லட்சம் டாலருக்குச் சொந்த சர்வர்கள் வாங்கினார்கள். 2024-ல் வாடகை 13 லட்சமாக இறங்கிவிட்டது. புதிதாக ஆள்கூட எடுக்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள்; அதுதான் முக்கியம்.

சொந்தம் என்றால் பழுதும் சொந்தம்! சினிமா டிஸ்குகளைத் தபாலில் அனுப்பிவந்த "நெட்பிளிக்ஸ்" கம்பெனியில் 2008-ல் தகவல் கிடங்கு பழுதானது. மூன்று நாள் டிஸ்கு அனுப்ப முடியவில்லை. வாடகை சர்வரே மேல் என்று அந்தக் கம்பெனி முடிவு செய்தது. வேலை முழுவதும் மாற 2016 ஆகிவிட்டது.

நேற்றுத் தொடங்கிய கம்பெனிக்கு நாளை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. அது வாடகைக்கு எடுப்பதே நல்லது. தினமும் ஒரே அளவு வேலை, பழுது பார்க்க ஆளும் உண்டு என்றால், வாடகைச் சீட்டை ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும்.