தேவிக்கு எப்போது கதை?

2007இல் ஷா ஆலாமில் உருவான 'உப்பின் இப்பின்' நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் செல்லத் தொடர். 2009இல் வெளியான 'கெங்' திரைப்படத்தில் விலங்குகளோடு பேசும் ராஜுவைக் கண்டு நாமும் பூரித்தோம். பெண்கள்? ஓப்பா அரவணைக்கிறார், காக் ரோஸ் அதட்டுகிறார். மெய் மெய் கெட்டிக்காரி, ஆனால் குறும்பு செய்யும் உரிமை பையன்களுக்கே! தமிழ்ச் சிறுமி தேவியோ ஓரத்தில் தலைகாட்டுவதோடு சரி. கிள்ளானில் என் அக்காள் மகள் விளையாடும்போது ராஜுவாகத்தான் இருப்பாளாம். மாடு அவனிடம் அல்லவா இருக்கிறது! 'வெறும் கார்ட்டூன்தானே' என்போரை என்னால் ஏற்க இயலவில்லை. 2019இல் வந்த 'எஜென் அலி' படத்தில் அலிசியாவும் உளவாளிதான். வசூல் குறைந்தா போயிற்று? தேவியை முன்னிறுத்தி ஒரு படம் எடுக்கட்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து குடும்பத்தோடு முதல் காட்சிக்கே போக நான் தயார்.