வேலிக்கு உள்ளே அருங்காட்சியகம் எதுக்குங்க?

இன்னிக்குத் தேங்காய் விலையும் இல்லை, சொட்டுநீர் மானியமும் இல்லை. நம்ம தலைக்கு மேல பறக்கிறதைப் பத்திப் பேசலாம்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். விமானப்படை அருங்காட்சியகம் தளத்து நிலத்துலயே இருக்கட்டும். ஆனா பொதுமக்கள் போற வாசல் வேலிக்கு வெளியே இருக்கணும். அப்படி ஒண்ணு சூலூருக்கும் வேணும்.

டெல்லிக்கு விவசாயிகள் கூட்டத்துக்குப் போனப்போ பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். அது இயங்கிக்கிட்டிருக்கிற தளத்து நிலத்துல இருக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே 'நாட்'ங்கிற குட்டிச் சண்டை விமானம் நிக்குது. நம்ம டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த நீளம்தான் இருக்கும். அந்த ரக விமானத்துலதான் 1971 டிசம்பர் 14 அன்னிக்கு நிர்மல்ஜித் சிங் செகோன் ஸ்ரீநகர் மேல பாகிஸ்தான் சேபர் விமானங்களோட தனியா மோதி உயிரை விட்டார். விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் அவர்தான். அவர் இருந்தது 18-ஆவது படைப்பிரிவு. அதே படைப்பிரிவு 2020-ல தேஜஸ் விமானத்தோட மறுபடி உயிர் பெற்றது எங்கே தெரியுமா? நம்ம சூலூர்ல!

சூலூர்ப் பக்கத்துப் பையன் எத்தனை பேருக்கு இது தெரியும்? சத்தம் மட்டும் தெரியும். மாடு மிரளுறது தெரியும். தளத்தை ஒட்டி வீடு கட்டணும்னா தடையில்லாச் சான்றுக்கு அலையணும்னு தெரியும். பாடு நம்மளுது, பெருமை வேலிக்கு அந்தப் பக்கம். இது நியாயமுங்களா?

பாலத்துல என்னை ரொம்ப நேரம் நிக்க வச்சது லிபரேட்டர்ங்கிற பெரிய குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் இதுகளைக் கான்பூர்ல போட்டுட்டுப் போனான். சும்மா போடலை. இந்தியா எடுத்து ஓட்டிடக் கூடாதுன்னு அடிச்சு நொறுக்கிட்டுப் போனான். நம்ம இந்துஸ்தான் விமான நிறுவனத்து ஆளுங்க, ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டி, சுமார் 40 விமானத்தைப் பெங்களூருக்குப் பறக்க வச்சே கொண்டு போனாங்க. 1968 வரைக்கும் அதுக ஓடுச்சு. அதுல ஒண்ணு இன்னிக்கு பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்துலயே இருக்கு! பழைய மோட்டாரைப் பிரிச்சு மேய்ஞ்சு ஓட வைக்கிற நம்ம ஊர் மெக்கானிக் பசங்க பார்க்க வேண்டிய பாடம் இது. அவங்க இதைப் பார்க்கணும்னா டெல்லி போகணும்.

"பாதுகாப்பு என்ன ஆகறது?"ன்னு சிலர் கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். பாதுகாப்புக்காகவும்தான் சொல்றேன். கூட்டம் கூட்டமா ஜனத்தைத் தளத்துக்குள்ள விட்டு, ஒவ்வொருத்தரையும் சோதிச்சுக்கிட்டு இருக்கிறதைவிட, நடுவுல ஒரு வேலி போட்டு வெளிப்பக்கம் தனி வாசல் வைக்கிறது நல்லதில்லையா? அமெரிக்காவுல டேட்டன் ஊர்ல இருக்கிற விமானப்படை அருங்காட்சியகமும் பெரிய படைத்தள நிலத்துலதான் இருக்கு. தளத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டாமலே உள்ளே போகலாம், காசும் இல்லை. அவங்களுக்கு இல்லாத ராணுவ ரகசியமா? ஓய்வு பெற்ற விமானத்துல என்ன ரகசியம் மிச்சம் இருக்கு?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவாவுல கடற்படை விமான அருங்காட்சியகம் 1998-ல இருந்து தபோலிம் பக்கம் ஜனங்க வந்து போற இடத்துல நடக்குது. சண்டிகர்ல 2023-ல விமானப்படைப் பாரம்பரிய மையம் திறந்தாங்க. நகரத்துக்கு நடுவுல, பழைய அரசு அச்சகக் கட்டடத்துல! ஆக, மனசு இருந்தா முடியும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "விவசாயிக்கு எதுக்கு ஏரோப்ளேன் கதை?"ன்னு கேக்கிற கூட்டம். ஏன், வரி கட்டறப்போ நாங்க விவசாயி இல்லையா? டீசலுக்கும் உதிரிப் பாகத்துக்கும் குடுக்கிற வரியிலதான அந்த விமானமும் பறக்குது? எங்க காசுல வாங்கினது வேலை முடிஞ்சு ஓய்வுக்கு வந்த பிறகாவது எங்க பிள்ளைங்க கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கட்டும்.

ஒரு விமானத்தை ரோட்டோரம் கம்பத்துல ஏத்தி நிறுத்தினா அது அருங்காட்சியகம் ஆகாது. யார் ஓட்டினது, யார் பழுது பார்த்தது, எங்கே பறந்ததுன்னு சொல்ல ஆள் வேணும். தமிழ்ல எழுதின பலகை வேணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க டவுன் பஸ்ல வந்து இறங்கற தூரத்துல இருக்கணும்.

வர்ற கிராமசபையில இதைத் தீர்மானமாக் கொண்டு வரப் போறேன். சுத்து வட்டாரத்து நண்பர்களும் அவங்கவங்க ஊர்ல கொண்டு வாங்க. நாலு ஊர்த் தீர்மானம் சேர்ந்தா, எம்.பி. கையில குடுக்க நல்லாருக்கும்.