குடக்கூலி பாக்கியும் சட்டத்தின் வழியும்

சேலம், நாமக்கல் பிரதேசத்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர் எல்லோரும் தனவந்தரல்லர். அம்மாபேட்டையிலும் குமாரபாளையத்திலும் உழைத்துச் சேர்த்த பொருளால் வீட்டோடு ஒரு பகுதியைக் கூடுதலாகக் கட்டி, அதன் குடக்கூலியைக் கொண்டே முதுமையைத் தள்ளும் விதவைகளும் பென்ஷன்காரர்களும் அநேகர். குடியிருப்போரிலும் தறித் தொழிலாளிகளும் லாரித் தொழிலை நம்பியவர்களும் பலர். தறி நின்றால் வாடகை நிற்கிறது. வாடகை நின்றால் வீட்டுக்காரரின் அடுப்பும் நிற்கிறது.

மாதக்கணக்கில் வாடகை தராமலும் காலி செய்யாமலும் ஒருவர் இருந்தால் வீட்டுக்காரர் மனம் பதறுவது இயல்பே. ஆயினும் மின்சாரத்தைத் துண்டிப்பதும், தண்ணீரை அடைப்பதும், பாத்திர பண்டங்களைத் தெருவில் எறிவதும் பலாத்காரமேயன்றிப் பரிகாரமாகா. நியாயம் எவர் பக்கம் இருந்ததோ அவரையே அச்செய்கை குற்றவாளியாக்கி விடுகிறது.

யுத்த கால நெருக்கடியை ஒட்டி 1946-லும் 1949-லும் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின் வந்த 1960-ம் வருஷத்துச் சட்டத்தில், குடியிருப்பவர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று ருசுப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் வழக்குகள் வருஷக்கணக்கில் நீண்டன. அதனை நீக்கி, 2017-ம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகரப் பகுதிகளில் அமுலுக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்து மூலமாயிருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டுக்காரர் முறைப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் பாக்கியும் வட்டியும் செலுத்தப்படாவிடில், வீட்டை மீட்டுத் தரும்படி வாடகை நியாயஸ்தலத்தில் மனுச் செய்யலாம். அக்கெடுவுக்குள் முழுத்தொகையையும் செலுத்துபவரை வெளியேற்ற இடமில்லை. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் குடியிருப்பவர் அதனை வாடகை அதிகாரியிடம் கட்டலாம். தண்ணீர், மின்சாரம் முதலியவற்றை நிறுத்துவதையும் இச்சட்டம் தடுக்கிறது.

வழி இவ்வாறு திறந்திருக்க, அதன் வாயிலிலேயே நம் ஜனங்கள் இடறி விழுகின்றனர். அறிந்தவராயிற்றே என்று வாய்ப்பேச்சில் வீட்டை ஒப்படைப்பதும், பத்திரம் எழுதினாலும் பதியாமல் பெட்டியில் வைப்பதும், ரசீது கொடாமல் பணம் வாங்குவதும் வழக்கமாயிருக்கின்றன. பிணக்கு நேர்ந்த பின் எவ்வளவு வாடகை, எத்தனை மாதப் பாக்கி என்பதை நிலைநாட்டவே அவர்கள் திண்டாட வேண்டியிருக்கிறது. ஆதலின் சாவியைக் கொடுக்கும் முன்னரே பத்திரத்தைப் பதிந்துகொள்வது இரு தரப்பாருக்கும் க்ஷேமம் என்பது நமது துணிபு.

சர்க்காரின் பொறுப்பும் சிறிதன்று. பதிவு முறையைத் தறித் தெருக்களிலும் லாரிப் பட்டறைகளிலும் எளிய தமிழில் விளம்பரப்படுத்த வேண்டும். மனுக்கள் தேங்காதபடி நியாயஸ்தலங்களுக்குப் போதிய சிப்பந்திகளை அளிக்க வேண்டும். கோர்ட்டு வாயில் தாமதத்தால் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் அடியாள் தழைக்கிறான். வேலை இழந்து தவிக்கும் குடித்தனக்காரருக்குத் தவணை கொடுப்பது மனிதத் தன்மை; சக்தியிருந்தும் கொடாதவரிடமிருந்து வீட்டை மீட்பது நியாயம். இரண்டையும் பகுத்தறிந்து வழங்க வேண்டியது நியாயஸ்தலமேயன்றி, வீட்டுக்காரரின் பூட்டு அன்று.