பிறர் பெயரில் எழுதுவோர்

பிறருக்காக நூல் எழுதிக் கொடுத்து, அட்டையில் அவர் பெயரே விளங்கத் தாம் கூலி மட்டும் பெற்று மறைந்துபோகும் எழுத்தாளர்களைப் பற்றி நம்மவர் வாய் திறந்து பேசுவதில்லை. தொழிலதிபரின் சுயசரிதை, ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவுகள், பிரமுகரின் மேடைப் பிரசங்கம் ஆகியவற்றுள் பல இவர்கள் கையிலிருந்து வெளிப்படுவன என்பது அச்சுத் தொழிலை அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலத்தில் இவர்களைக் 'கோஸ்ட் ரைட்டர்' என்கிறார்கள்; பேய் என்பது பொருள். ஜயங்கொண்டார் பரணியில் வரும் பேய்களைப் போலவே இவர்களுக்கும் பசியுண்டு என்ற அளவில் அப்பெயர் பொருத்தமே.

இத்தொழில் இழிவானது என்று கூறும் கனவான்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சொல்லத்தக்க அனுபவம் ஒருவரிடமும் சொல்லும் வன்மை மற்றொருவரிடமும் இருக்குமாயின், இருவரும் கூடுவதில் யாதொரு குற்றமுமில்லை. மதுரையில் தருமி என்னும் ஏழைப் பிரமசாரிக்குப் பாட்டெழுதிக் கொடுத்துப் பாண்டியனுடைய பொற்கிழியைப் பெறுவித்தவன் சோமசுந்தரக் கடவுளே என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. அங்கே எழுதியவன் ஆண்டவன். எழுதி வாங்கியவன் ஏழை. இக்காலத்திலோ எழுதி வாங்குவோர் செல்வர், எழுதுவோர் ஏழைகள், கிழியும் செல்வர் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அன்றியும், நக்கீரர் குற்றம் கண்டபோது தருமியால் விடையிறுக்க முடியாமல், எழுதியவனே சபைக்கு வர நேர்ந்ததை எழுதி வாங்கும் கனவான்கள் சற்று நினைவில் வைப்பது நலம்.

ஊதிய விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1930-ல் 'நான்ஸி ட்ரூ' என்ற சிறுவர் துப்பறியும் கதைகள் வெளிவரத் தொடங்கின. முதல் 30 நூல்களுள் 23 நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் விர்ட் பென்ஸன் என்னும் அம்மையார். ஆரம்ப நூல்களுக்கு அவர் பெற்ற கூலி, நூலொன்றுக்கு 125 டாலர். பாத்தியதை முழுவதையும் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அட்டையில் இருந்த கரோலின் கீன் என்பவரோ உலகில் பிறந்தவரே அல்லர். புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றபோதும் அம்மையாருக்கு ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை. பதிப்பகத்தார் தமக்குள் வழக்காடி, 1980-ல் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய பின்னரே, எழுதியவர் இவர் என்பதை ஊரார் பரவலாக அறிந்தனர்.

இதற்கு நேர்மாறாக, 1987-ல் வெளியான டிரம்ப்பின் 'தி ஆர்ட் ஆஃப் தி டீல்' என்ற நூலை எழுதிக் கொடுத்த டோனி ஷ்வார்ட்ஸ், 5 லட்சம் டாலர் முன்பணத்தில் பாதியையும், ராயல்டியில் பாதியையும், அட்டையில் தம் பெயரையும் கேட்டுப் பெற்றார். அந்நூலை எழுதியதற்காக அவர் 2016-ல் பகிரங்கமாக வருந்தினார் என்பது வேறு கதை. அம்மையார் திறமையில் அவருக்குக் குறைந்தவரல்லர். ஒருவர் கொடுத்ததைப் பெற்றார். மற்றவர் வேலைக்கு முன்பே பங்கைப் பேசினார்.

நம் இளைஞர்கள் எங்கே வேலை தேடுகிறார்கள் என்று பார்த்தால், சொல்லுக்கு இத்தனை காசு என்று கூவும் விளம்பரங்களிலேயே தேடுகிறார்கள். சொல்லுக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 60,000 சொற்கள் கொண்ட நூலுக்கு 30,000 ரூபாய். அந்நூலுக்காக உடையவரிடம் பல நாள் பேசிக் குறிப்பெடுத்து, தேதிகளைச் சரிபார்த்து, இருமுறை திருத்தியெழுத எட்டு மாதம் ஆகுமானால், மாத வரும்படி 3,750 ரூபாய். இதை ஜீவனம் என்று எவர் சொல்லுவார்? இவ்வளவு மலிவாக எழுத இப்பொழுது இயந்திரமே முன்வந்துவிட்டபடியால், அந்தச் சந்தையில் மனிதனுக்கு இனி இடமில்லை என்பதே நமது அபிப்பிராயம். இயந்திரத்தால் ஆகாதது ஒன்றுண்டு: எண்பது வயது முதலாளி சொல்லத் தயங்கும் விஷயத்தை எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேட்டு வாங்குவது. நல்ல கூலி இருப்பதும் அங்கேதான். அத்தகைய வேலை விளம்பரத்தில் வருவதில்லை. பதிப்பாசிரியர் வழியாகவும், முன் எழுதி வாங்கியவர் சிபாரிசினாலும் வருகிறது. தம் பெயரில் ஒரு நல்ல நூலேனும் வைத்திருப்பவனைத் தேடி வருகிறது. பிறர் பெயரில் எழுதியதைக் காட்டி வேலை கேட்க முடியாதல்லவா?

சட்டம் எழுத்தாளனுக்கு அவன் நினைப்பதைவிட அதிகத் துணையாக இருக்கிறது. 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள உத்தியோகத்தில் இல்லாமல் தனித்து எழுதுபவனே தன் நூலுக்கு முதல் உரிமையாளன். உரிமையை மாற்றுவதாயின் 19-ஆம் பிரிவின்படி கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிடில் ஐந்து வருஷமே செல்லும். 57-ஆம் பிரிவோ, உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியவன் நான்' என்று கூறும் பாத்தியதையை ஆசிரியனுக்கு அளிக்கிறது. எழுதி வாங்குபவர் ஆசைப்படுவது இந்தக் குரல் எழாமலிருப்பதைத்தான். எனவே எழுத்துக்கு ஒரு விலையும் மௌனத்துக்கு ஒரு விலையும் தனித்தனியே பேசுவது நியாயம். மேடைப் பிரசங்கத்தில் மட்டும் நிலை வேறு. அதன் முதல் உரிமை 17-ஆம் பிரிவின்படி பேசியவருக்கே சேர்வதால், பிரசங்கம் எழுதுவோர் பணத்தை முன்னரே வாங்கிவிடுதல் உத்தமம். நூலுக்குக் கையெழுத்தின்போது ஒரு பகுதி, முதல் பிரதியின்போது ஒரு பகுதி என்று தவணை வகுப்பதும், அவதூறு வழக்கு வந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுதிக்கொள்வதும் அவசியம்.

எவ்வளவு கொடுத்தாலும் செய்யத்தகாத வேலையும் உண்டு. மாணாக்கருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி விற்கும் வியாபாரத்தையே கூறுகிறோம். சுயசரிதையை வாங்குபவர் தம் கதையையே வாங்குகிறார். ஆராய்ச்சிப் பட்டத்தை வாங்குபவரோ இல்லாத அறிவுக்கு அத்தாட்சி வாங்குகிறார். நாளை அவர் ஆசிரியராகி நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவார். இங்கிலாந்தில் இந்த வியாபாரத்தை 2022-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. நமது பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2018-ல் பிறப்பித்த விதிகள் களவெழுத்தைத் தண்டிக்கின்றன. ஆனால் புதிதாக எழுதிக் கொடுத்த கட்டுரை எந்தச் சோதனைக் கருவியிலும் அகப்படாது. கட்டுரையை எழுதியவரிடம் அரைமணி நேரம் நேரில் வினவும் வழிகாட்டிப் பேராசிரியரே இதற்கு மருந்து.

எழுத்தாளருக்கும் எழுதி வாங்குவோருக்கும் பொதுவான ஒப்பந்த மாதிரி ஒன்றைத் தமிழில் தயாரித்து வெளியிடும்படி, சென்னைப் புத்தகக் காட்சியை நடத்தும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் பதிப்பாளர் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். நான்கு பக்கத்தில் அடங்கக்கூடிய காரியம் இது. வக்கீல்களுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.