ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் நம்ம நேரமா?

"என்னக்கா, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆன்லைன்ல இருந்தீங்களே, உடம்பு சரியில்லையா?" என்று போன மாதம் எதிர் வீட்டுப் பெண் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். அவளும் விழித்துக் கொண்டுதான் இருந்திருக்கிறாள்!

எனக்கு வயது 44. கணவர், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள். காலை ஐந்து மணிக்கு எழுந்தால், ராத்திரி பத்தரைக்கு அடுப்பு மேடையைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, கொல்லைக் கதவைத் தாழ் போடும் வரை கால் ஓய்வதில்லை. படுத்ததும் 'அஞ்சே நிமிஷம்' என்று போனை எடுப்பேன். கோலம், சமையல், யாரோ ஒருத்தி பீரோவில் புடவை அடுக்குவது... விரலால் தள்ளத் தள்ள வந்து கொண்டே இருக்கும். அந்தக் காலத்துத் தொடர்கதையாவது 'தொடரும்' என்று போட்டு நிறுத்தி விடும். இதற்கு முடிவே கிடையாது.

ஒருநாள் காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் கசிந்து கொண்டிருந்தது. மாமியார்தான் வாடை வந்து ஓடி வந்து மூடினார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், "உனக்கு என்னம்மா கவலை?" என்று கேட்டார். அதில்தான் அழுதுவிட்டேன்.

'போனை நோண்டாம இரு, தூக்கம் தானா வரும்' என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை என்பது என் அபிப்பிராயம். மகனின் மார்க், அடகில் இருக்கும் வளையல், மாமியாரின் முழங்கால் வலி... இந்தக் கவலைகளுக்குப் பகலில் ஏது நேரம்? விளக்கை அணைத்த பிறகுதான் வரிசையாக வந்து நிற்கும். அதை மறக்கத்தான் போன். திறந்தால், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்பில் 'உங்க பையன் கெமிஸ்ட்ரியில் எவ்வளவு?' என்ற விசாரணை. சொந்தக்காரர் குரூப்பில் ஓரகத்தி வீட்டுக் கிரகப்பிரவேச போட்டோ. மறக்கப் போன இடத்தில் இன்னும் இரண்டு கவலையை வாங்கிக் கொண்டு வருகிறோம்.

மகள் என் போனில் மஞ்சள் வெளிச்சம் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். இருட்டினதும் மூளையில் மெலடோனின் சுரந்து, தூங்க நேரமாச்சு என்று உடம்புக்குச் சொல்லுமாம். போனின் நீல வெளிச்சம் அதைக் குறைத்து விடுகிறது. நிஜம்தான். ஆனால் 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் நாலு மணி நேரம் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்ததை விட சுமார் 10 நிமிஷம்தான் தூக்கம் தள்ளிப் போனது. எனக்குப் போவது மூன்று மணி நேரம்! மஞ்சள் வெளிச்சத்திலும் ஓரகத்தி வீடு அதே அளவு பெரிசாகத்தான் தெரிகிறது.

தோழிகளே, யாரும் "அம்மா..." என்று கூப்பிடாத நேரம் நமக்கு அது ஒன்றுதான். அதை விட மனசு வருவதில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. செய்யாத மகராஜன்கள் அதில் சேர்த்தியில்லை!

அதனால் வீட்டில் பேசினேன். ராத்திரிப் பாத்திரம் கணவரும் மகனும். ஒன்பதரையிலிருந்து பத்து மணி வரை திண்ணையில் நான் மட்டும். போன் பார்ப்பேனோ, பத்திரிகை படிப்பேனோ, என் இஷ்டம். பத்தரைக்கு எல்லார் போனும், அவருடையதும் சேர்த்து, ஹாலில் ஃபிரிட்ஜ் மேலே. "அலாரம் வேணுமே" என்றார். பழைய டைம்பீஸை எடுத்து வைத்தேன். கிரிக்கெட் பார்க்க முடியவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தார்.

இன்னொன்றும் செய்கிறேன். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதி வைப்பவர்கள், செய்து முடித்ததை எழுதுபவர்களை விட 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2018-ல் டெக்சாஸில் ஓர் ஆய்வு வந்தது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்: 'ரேஷன் பருப்பு, 12-ம் தேதி வட்டி, சட்டைப் பட்டன்'. எழுதின பிறகு அதெல்லாம் நோட்டில் இருக்கிறது, தலையில் இல்லை.

எல்லா ராத்திரியும் தூங்குகிறேன் என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் மூன்று நாள், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் இல்லை என்றால் டாக்டரிடம் போவதே நல்லது. மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது.

அவர் தேய்க்கும் பாத்திரத்தில் சோப்பு வாடை அடிக்கத்தான் செய்கிறது. கண்டு கொள்வதில்லை. எதிர் வீட்டுப் பெண்ணைத்தான் வழிக்குக் கொண்டு வர முடியவில்லை. அவள் வீட்டில் பாத்திரம் யார் தேய்ப்பது என்ற பேச்சையே இன்னும் எடுக்கவில்லையாம்.

- ஒரு வாசகி, கரூர்.